கார் இல்லாத காலத்து கார் ஞானம்

எழுபதுகளில் கம்மாபுரத்தில் கார் இருந்த வீடுகளை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும். காரைப் பற்றிக் கருத்து வைத்திருந்தவர்களை எண்ணத்தான் கணக்குப்பிள்ளை வைக்க வேண்டியிருந்திருக்கும். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது ஊர். பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போகிற வருகிற வண்டியெல்லாம் கண்ணில் படும். பட்டதற்கெல்லாம் தீர்ப்பும் உண்டு. மாட்டு வண்டியை வேப்ப மரத்தடியில் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து, துண்டை உதறிக்கொண்டே, "அமெரிக்காக்காரன் இன்ஜின் நல்லாத்தான்யா பண்றான். மைலேஜுதான் குடுக்க மாட்டேங்குது" என்று சொன்ன குடியானவரை நானே கேட்டிருக்கிறேன். அவர் வாழ்நாளில் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள், அரிக்கேன் விளக்குக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் மட்டும்.

எங்கள் ஊர் ஒன்றியத்துக்குத் தலைமையிடம். ஒன்றியம் என்றால் பி.டி.ஓ. ஆபீஸ், பி.டி.ஓ. ஆபீஸ் என்றால் ஜீப். அந்த ஜீப்தான் எங்களுக்கு அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ் கம்பெனி செய்த வண்டியை, போர் முடிந்த கையோடு மகிந்திராக்காரர்கள் பம்பாயில் பூட்டத் தொடங்க, அது மெல்ல மெல்ல இந்திய சர்க்காரின் குலவாகனமாகவே ஆகிவிட்டது. நார்மண்டிக் கடற்கரையில் குண்டு மழையில் இறங்கிய வண்டி, எங்கள் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு கேம்புக்கு ஆள் சேர்த்தது. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டால் சில ஆண்கள் முந்திரித் தோப்புப் பக்கம் நழுவுவார்கள். முன்கண்ணாடியைச் சட்டத்தோடு மடக்கி பானெட் மேல் படுக்க வைக்கலாம் என்பது அதன் விசேஷம். டிரைவர் துடைப்பதற்காக மடக்கினால் பள்ளிக்கூடம் பாதி அங்கே நிற்கும். கதவு கிடையாது, கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை. அதிகாரிகள் விழாமல் போய் வந்தது, அந்தப் பட்டையைவிட அவர்கள் பயத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த பெஞ்சுக்குத் தலைமைப் பண்டிதர் ஒருவர் இருந்தார். எனக்கு முறையில் மாமா. நெய்வேலியில் வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு டிரைவராக இருந்து ஓய்ந்தவர். மற்றவர்களுக்குக் கருத்து மட்டும்தான். மாமாவுக்கு அனுபவம், அதாவது கருத்தை மறுக்க முடியாத குரல். "அமெரிக்காக்காரன் கார் செய்யல மாப்ள. சோபா செஞ்சு அதுக்குச் சக்கரம் வெக்கிறான்" என்பார். பிளைமவுத், டாட்ஜ், செவ்ரோலே என்ற பெயர்களை அவர் சொல்கிற விதத்தில், ஏதோ கொடுத்துக் கெட்ட ஜமீன்களின் பெயர்களைச் சொல்வது போன்ற மரியாதை இருக்கும்.

மரியாதைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஃபோர்டு 1926-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது; ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் செவ்ரோலே பூட்ட ஆரம்பித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தில்லி ஒரு கேள்வி கேட்டது: பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டே இருப்பீர்களா, இங்கேயே செய்வீர்களா? இருவரும் யோசித்துப் பார்த்து, 1954 வாக்கில் கடையைக் கட்டிவிட்டார்கள். விட்டுப்போன வண்டிகள் மட்டும் இங்கேயே கிழடாயின. முதல் தலைமுறை மிராசுதார், இரண்டாம் தலைமுறை சினிமாக் கம்பெனி, மூன்றாம் தலைமுறை கல்யாண வாடகை. கடைசியில் டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு ஓடும் "பிளசர்". எம்.ஆர்.ராதா ஆசைப்பட்டு வாங்கிய இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு கதை உண்டல்லவா, அதை மாமா மட்டும் கிண்டலாகச் சொன்னதில்லை. "டிக்கி அவ்ளோ பெரிசு மாப்ள. ஏத்தலன்னாதான் தப்பு" என்பார்.

ஜெர்மன் விஷயம் வேறு. அங்கே மாமா குரலைத் தாழ்த்துவார். நெய்வேலிக் கார்ப்பரேஷன் 1956-ல் ஏற்பட்டது. தோண்டும் எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து, அனல் மின் நிலையம் சோவியத் உதவியில். உலகம் பூராவும் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் தாலுகா ஓரத்தில் ஒரே வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோண்ட, மற்றவர் எரிக்க. பெர்லினில் சுவர் எழும்பிய அதே 1961 ஆகஸ்டில்தான் இங்கே மண்ணுக்கடியில் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. பக்கெட் வீல் எந்திரம் ராத்திரியில் விளக்குப் போட்டுக்கொண்டு மண்ணைக் கடிப்பதைப் பார்த்த எந்தக் குடியானவனுக்கும் அதற்குப் பிறகு ஜெர்மன் கார் நல்ல காரா என்ற கேள்வியே எழாது. "அவன் முறுக்கின போல்ட்டு, அவன் செத்தாலும் கழலாது." கார் ஒன்றைக்கூடப் பார்க்காமலே ஒரு நாட்டின் கார்களுக்கு இவ்வளவு நல்ல பெயர் வேறெங்கும் கிடைத்திருக்காது.

ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதுவும் சரியில்லை. பென்ஸ் எல்லோரும் பார்த்ததுதான். டாடாவும் ஜெர்மன்காரர்களும் சேர்ந்து 1954 முதல் செய்த லாரியின் மூக்கில் அந்த மூணு முனை நட்சத்திரம் இருந்தது. கூட்டு முடிந்த பிறகும் அந்த லாரிகள் எங்கள் பக்கம் நெடுங்காலம் ஓடின. ஆகவே பென்ஸ் என்பது நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற வண்டி. பின்னால் தொங்கிக்கொண்டு கரும்பு உருவலாம். உலகப் பணக்காரர்கள் ஏறிப் போகும் வண்டியும் அதே பெயரில் இருக்கிறது என்று படித்தபோது எங்களுக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பரிதாபம்தான் வந்தது.

வெள்ளைக்காரன் கார் பற்றி பெஞ்சில் கருத்தே கிடையாது. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. ஏனென்றால் வெள்ளைக்காரன் கார் எங்களைப் பொறுத்தவரை வெள்ளைக்காரன் கார் இல்லை. அம்பாசடர், நம்ம வண்டி. கலெக்டர் வண்டி, மந்திரி வண்டி, கட்சிக் கொடி கட்டின வண்டி. அது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சுகளை வாங்கிவந்து, வங்காளத்து உத்தர்பாடாவில் 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்த இங்கிலீஷ் கார் என்று யாராவது சொல்லியிருந்தால் பெஞ்சிலிருந்து எழுந்து போகச் சொல்லியிருப்பார்கள். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான். அதன் பூர்வீகம் டிரையம்ஃப். ஃபியட் இத்தாலிக்காரி, பத்மினி என்று பெயர் வைத்ததும் மாமா வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கும் வண்டி என்று அதற்குத் தனி மரியாதை. "அம்பாசடர்ல ஹாரனத் தவிர எல்லாம் சத்தம் போடும்" என்ற ஊரறிந்த ஜோக்கைச் சொல்கிறவன்கூட, நம் வீட்டுக் கிழவியைப் பற்றிச் சொல்கிற உரிமையில்தான் சொன்னான்.

பிரெஞ்சுக்காரன் பற்றிய கருத்து புதுச்சேரி வழியாக வந்தது. எங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் போனவர்கள் எதற்குப் போனார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிவப்புத் தொப்பி போலீசையும் மலிவு விலைச் சீசாவையும் பார்த்து வந்து, "அவனுக்கு காரெல்லாம் வராதுய்யா" என்று முடித்துவிட்டார்கள். நெய்வேலிப் பக்கம் மண் வாரிக்கொண்டிருந்த பொக்லைன், பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்றின் எந்திரம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டப் பச்சை நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அவற்றைச் செய்த நாடு எது, கம்பெனி எது என்று யாரும் விசாரிக்கவில்லை. ஊர் வாயில் அதெல்லாமே இன்றும் பொக்லைன்தான்.

எனக்கென்று ஒரு கார் கருத்து பிறந்தது காரில் இல்லை, விருத்தாசலத்தில், பீங்கான் படிக்கப் போன இடத்தில். செராமிக் காலேஜ் என்றுதான் ஊரில் சொல்வோம். சுற்றிலும் சிறு தொழிற்கூடங்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கரிக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண் இந்தப் பக்கம் ஒரு தொழிலையே நிறுத்தி வைத்தது. ஃப்யூஸ் கேரியர், லைன் கம்பத்து இன்சுலேட்டர், டீ கப், கொலு பொம்மை. ஒருநாள் எங்கள் வாத்தியார் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இதுல பீங்கான் எங்கடா இருக்கு?" என்றார்.

அதுவரை பிளக்கை இரும்புச் சாமான் என்றுதான் நினைத்திருந்தோம். வைஸில் கவ்வி, இரும்புக் கூட்டை ரம்பத்தால் அறுத்து, உள்ளேயிருந்த வெள்ளைக் குச்சியை உருவிக் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம். மேல் பாதியில் வளையம் வளையமாக வரிகள். நாங்கள் கம்பத்து இன்சுலேட்டருக்குப் போடுகிற அதே பாவாடை மடிப்பு, சின்ன அளவில். மின்சாரம் மேல்தோல் வழியாக ஊர்ந்து இரும்புக்குத் தாவிவிடாமல் இருக்க, அது நடக்க வேண்டிய தூரத்தை மடித்து மடித்து நீட்டுகிற தந்திரம். கீழ்ப்பாதி, நெருப்புக்குள் நிற்கிற பக்கம், காப்பிப் பழுப்பில் இருந்தது. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம், இந்தப் பழுப்பென்றால் இன்ஜின் சுகம் என்றார். நகத்தால் சுரண்டினோம், பேனாக்கத்தியால் கீறினோம். கத்தி முனைதான் மழுங்கியது. "இது நம்ம பீங்கான் இல்ல, அலுமினா. நம்ம சூளை ஆயிரத்து முன்னூறுக்கே மூச்சு வாங்கும். இதுக்கு ஆயிரத்து அறுநூறு கிட்ட போகணும்" என்றார்.

அன்றிலிருந்து எந்தக் காரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு அந்த வெள்ளைக் குச்சிதான் ஞாபகம் வரும். அமெரிக்கக் காரோ ஜெர்மன் காரோ, பெட்ரோலில் ஓடுவதென்றால், உள்ளே ஒரு சுண்டுவிரல் பீங்கான் சரியாக நிற்காவிட்டால் அங்குலம் நகராது. இதை நான் பெஞ்சில் சொன்னபோது மாமா வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப கார் கம்பெனிய விருத்தாசலத்துலயே ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்றார். பின்னால் வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் விஷயம் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தேன்கூடும் பீங்கான்தான். களிமண், மாக்கல் பொடி, அலுமினா. சாமான் எல்லாம் எங்கள் குடோனில் இருப்பதுதான். திறமைதான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்தது.

மாருதி 1983 டிசம்பரில் வந்தது. ஜப்பான்காரனைப் பற்றி பெஞ்சில் யாருக்கும் முன்கருத்து இல்லாததால் அவன் சத்தமில்லாமல் ஜெயித்துவிட்டான். தொண்ணூறுகளில் கதவு திறந்ததும் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். ஃபோர்டு முதலில் எஸ்கார்ட் விட்டது, பிறகு மறைமலை நகருக்கே வந்து 1999-ல் ஐகான். ஜெனரல் மோட்டார்ஸ் ஓபெல் என்ற ஜெர்மன் பெயரோடு குஜராத்துக்கு வந்தது. பெஜோ வந்த வேகத்தில் போனது. இந்தக் காலத்தில் பெஞ்சு காலியாகிவிட்டது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் போட்டோவில் கார் மேல் சாய்ந்து நின்றார்கள். அங்கிருந்து லீவில் வந்தவன் சொல்லும் கருத்துக்கு முன் மாமாவின் அனுபவம் எடுபடவில்லை.

இப்போது ஊரில் கார் இல்லாத வீட்டைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும் என்று எழுதினால் மிகை; ஆனால் அந்தத் திசையில்தான் போகிறது. நிலம் கொடுத்த பணம், வெளிநாட்டுப் பணம், பேங்க் கடன் என்று வழிகள் பல. கருத்துகளும் குறையவில்லை. பெஞ்சிலிருந்து போனுக்கு மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். என் தம்பி மகன் ஒரகடத்தில் உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறான். நாள் முழுக்க கார் பாகத்தைக் கையில் பிடித்து அளக்கிறவன், எந்தக் கார் நல்ல கார் என்பதை மட்டும் ராத்திரி யூடியூப் பார்த்துத்தான் முடிவு செய்கிறான்.

போன வைகாசியில் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணம். பந்திக்கு இடம் கிடைக்கும்வரை மண்டபத்து வாசலில் நின்று கார்களுக்கு ஜாதகம் பார்த்தோம்.

"இது எம்.ஜி. பெரியப்பா. பிரிட்டிஷ் பிராண்டு."

பெயர் பிரிட்டிஷ்தான். அந்தப் பெயருக்கு முதலாளி சீனாவின் ஷாங்காய்க்காரர். செய்கிற இடம் குஜராத்து ஹாலோல், ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன அதே தொழிற்சாலை. ஆக, இங்கிலாந்துப் பெயர், சீனப் பணம், அமெரிக்கன் விட்டுப்போன கட்டடம்.

"அது வால்வோ. ஸ்வீடன். சேஃப்டின்னா அவன்தான்."

அதுவும் 2010 முதல் சீன முதலாளி கையில்.

"சரி, இது ஜீப் காம்பஸ். இதாவது அமெரிக்காதானே?"

மராட்டியத்து ரஞ்சன்காவில் செய்தது, டீசல் இன்ஜின் ஃபியட்டுடைய சாதி. ஃபியட்டும் ஜீப்பும் பெஜோவும் சிட்ரோயனும் 2021-ல் ஸ்டெல்லான்டிஸ் என்ற ஒரே கூரைக்குள் வந்துவிட்டன, பதிவு நெதர்லாந்தில். இதில் ஒரு கூத்து உண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடரை நிறுத்திவிட்டு, 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு பெஜோவுக்கு விற்றது. காரெல்லாம் வராது என்று எங்கள் பெஞ்சு தீர்ப்புச் சொன்ன அதே பிரெஞ்சுக்காரனுக்கு! பி.டி.ஓ. ஜீப்பின் பெயரும் கலெக்டர் அம்பாசடரின் பெயரும் கடைசியில் ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்தன. இன்னொரு பக்கம், வில்லிஸ் ஜாடையில் மகிந்திரா அமெரிக்காவில் செய்து விற்ற ராக்ஸர் வண்டியை, எங்கள் ஜீப் மாதிரியே இருக்கிறது என்று ஜீப் கம்பெனி புகார் கொடுத்து 2020-ல் தடை வாங்கியது. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008-லேயே ஃபோர்டிடமிருந்து டாடாவுக்கு வந்தாயிற்று. அந்த வண்டிகளைச் செய்ய ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். டெஸ்லா 2025-ல் மும்பையில் கடை திறந்தது; விற்பனைக்கு வந்த வண்டி ஷாங்காயில் செய்தது.

தம்பி மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஓனர் யாரா இருந்தா என்ன பெரியப்பா? தகரம் யூரோப்பியன் தகரம். கதவ சாத்தினாலே தெரியும்" என்று பக்கத்திலிருந்த போலோவின் கதவைத் திறந்து சாத்திக் காட்டினான். யாருடைய வண்டியோ. சத்தம் கனமாகத்தான் இருந்தது.

கதவுச் சத்தத்தை வைத்துக் காரை எடை போடுவது மாட்டுக்குப் பல் பார்ப்பதன் வாரிசு. எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற சோதனை அமைப்பு முதன்முதலாக இந்தியக் கார்களை மோதவிட்டபோது, ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றோடு, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களான அமெரிக்கப் பெயர் கொண்ட ஃபிகோவும் ஜெர்மன் பெயர் கொண்ட போலோவும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம்தான் வாங்கின. ஏர்பேக் வைத்த போலோவுக்கு நான்கு கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன் உடனே எல்லா போலோவிலும் ஏர்பேக் வைத்துவிட்டது. அதே தகரம், அதே கதவுச் சத்தம். முதன்முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய இந்தியக் கார் 2018-ல் டாடா நெக்ஸான். கரும்பு லாரிக்காரன்! மாமா இருந்திருந்தால், ஜெர்மன்காரன் கூட இருந்து கற்றுக்கொண்டதுதான் என்று அதையும் ஜெர்மன் கணக்கிலேயே எழுதியிருப்பார்.

இத்தனை பேசியவன், பழைய வண்டி ஒன்று வாங்கப் போகிறேன், எக்கோஸ்போர்ட், என்றான். எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகரில் கடைசி வண்டி 2022 ஜூலையில் இறங்கியது. அமெரிக்காவில் அமெரிக்கர்கள் வாங்கிய எக்கோஸ்போர்ட்டே மறைமலை நகரில் செய்து கப்பலேற்றியதுதான். டெட்ராய்ட்டுக்காரன் ஃபோர்டு என்று நம்பி ஓட்டியது செங்கல்பட்டு மாவட்டத்துத் தயாரிப்பு. நாங்களோ கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறினால் காலைக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய இடத்தில் செய்த வண்டியை, "ஐயோ ஃபாரின் வண்டி, ஸ்பேர் கிடைக்காது" என்று இருபது வருஷமாகத் தள்ளி வைத்தோம். உத்தர்பாடாவில் செய்ததுதான் நம்ம வண்டி.

எங்களூர் மெக்கானிக்கிடம் அழைத்துப் போனான். அவர் பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவி, விரலில் தடவி, மோந்து பார்த்தார். பட்டறைக்கு வெளியே பி.டி.ஓ. ஆபீஸ் பொலேரோ சர்வீசுக்கு நின்றது.

"வண்டி தங்கம். ஆனா கம்பெனி போயிட்டான் தம்பி" என்றார் மெக்கானிக்.

"திரும்ப வரான்ணே. மறைமலை நகர்லயே. கவர்மெண்டோட ஒப்பந்தம் போட்டாச்சு."

"கார் செய்யவா வரான்? ஏற்றுமதிக்கு இன்ஜின் மட்டும்னுதானே பேப்பர்ல போட்டிருந்தான்? அதுவும் 2029-ல" என்றேன் நான்.

அவன் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டான். "இருக்கட்டுமே பெரியப்பா. கம்பெனி வருதுன்னு நியூஸ் வந்தாலே ரீசேல் அம்பதாயிரம் ஏறிடும்."